ஜம்புலிங்கம் சாப்பிட்ட ஐந்து நாள்

கன்னியம்மாள் அக்கா எதிரில் இருக்கும்போது யாரும் தட்டில் மிச்சம் வைக்க முடியாது. வைத்தால் திட்டு விழும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் இருபத்திரண்டு வருஷமாகக் காய் நறுக்குகிறவள் அவள். மூட்டை வெங்காயத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் கண்ணெல்லாம் கலங்கும், அவளுக்கு ஒரு சொட்டு வராது. "அழுவறதுக்கு எனக்கு இன்னா வேற வேல இல்லியா?" என்பாள். நான் மண்ணூர்பேட்டையில் அவர்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்த அன்று, சாமான் இறக்கி முடிப்பதற்குள் ஒரு தூக்கில் கருவாட்டுக் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசற்படியை விட்டு நகரவில்லை. அது ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கதை. அன்றிலிருந்து நான் அவளுக்குக் 'கார்த்தி'. கார்த்திகா என்று முழுசாகக் கூப்பிட்டால் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

அப்பேர்ப்பட்டவளின் புருஷன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். இது அந்தக் கதை. இதில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துச் சொல்லப் போவதில்லை.

ஜம்புலிங்கம் அண்ணன் லேத் ஆபரேட்டர். அவர் அப்பா நெல் போட்ட நிலத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் இரும்பு கடைந்தார். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. இரும்பாவது சொன்னபடி கேட்கும் என்பார். சொன்னபடி கேட்காதது அவர் உடம்புதான். இருபது வருஷமாகச் சர்க்கரை நோய். மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவார், வராவிட்டால் இல்லை. போன மாசி மாதம் கால் வீங்கியது, முகம் வீங்கியது, மூச்சு வாங்கியது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் குமணன்சாவடிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இடது கையில் ஆபரேஷன் செய்து ஊசி போடுவதற்கு நரம்பைத் தயார் பண்ணினார்கள். வலது கையோ நடுக்கம். ஆகவே சோற்றை அக்காதான் ஊட்டவேண்டும்.

முதல் டயாலிசிஸ் முடிந்த அன்று, என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று சொல்ல ஒரு பெண்ணை அனுப்பினார்கள். சின்னப் பெண். கையில் ஆங்கிலத்தில் அச்சடித்த தாள். வெளியே இன்னும் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவசரத்தில் கடகடவென்று சொன்னாள். உப்பைக் குறைக்கணும். ஒரு நாளைக்குத் தண்ணி முக்கால் லிட்டர்தான். காயெல்லாம் நறுக்கி வெந்நீர்ல போட்டு அந்தத் தண்ணியக் கொட்டிடணும். கீரை வேணாம், இளநீர் வேணாம், பழம் வேணாம். அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

ஒரு சொல் பிசகாமல் நடந்தாள். தண்ணீர்ப் பாட்டிலில் நெயில் பாலிஷால் கோடு போட்டு வைத்தாள். அவரைக்காயை வேகவைத்து நீரை ஊற்றிவிட்டுச் சக்கையைத் தாளித்தாள். அவர்கள் சமையலறைக் கொக்கியில் எப்போதும் ஒரு பூவன் சீப்பு தொங்கும். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அண்ணனுக்கு ஒரு பழம் வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு அதைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டாள். "இனிமே இந்த ஊட்ல பழம் கிடையாது. கொக்கியக்கூடப் புடுங்கிடப் போறேன்" என்றாள்.

சித்திரை பிறந்தபோது அண்ணன் சாப்பிடுவது நின்றே போனது. உப்பில்லாத சோறும் சாறில்லாத காயும் யாருக்குத்தான் இறங்கும்? அதோடு நோயின் கொடுமை ஒன்று சேர்ந்துகொண்டது. "எத வாயில வெச்சாலும் இரும்ப நக்கினாப்ல கீதுமே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். இட்லியைத் துப்பினார். முட்டை வெள்ளையைத் துப்பினார். ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டார். முப்பது வருஷத்தில் அந்த வீட்டில் தட்டு கீழே விழுந்தது அதுதான் முதல் தடவை. வேப்பம்பட்டில் கட்டிக்கொடுத்த மகள் பவித்ரா வந்து காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அதற்கும் அசையவில்லை.

டாக்டர் சிவராமன் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறவர். "உடம்புல புரதம் இறங்கிட்டே வருதும்மா. இப்படியே சாப்பிடாம இருந்தார்னா மெஷின்ல போட்டும் புண்ணியம் இல்ல. ரெண்டு மாசம் தாங்கினாலே அதிகம். எப்படியாவது சாப்பிட வையுங்க."

எப்படியாவது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எப்படி என்று யார் சொல்வது? அன்று சாயங்காலம் அக்கா மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். வெங்காயத்துக்கு அழாதவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"டெய்லி முந்நூறு பேரு துண்ணுட்டுப் போறான் கார்த்தி. ஒருத்தன் வெச்சிட்டுப் போவ மாட்டான். என் ஊட்டுக்காரருக்கு ஒரு வாய் எறக்க முடில. நானெல்லாம் இன்னா பொம்பள?"

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் என்ன கஷ்டம் சொன்னாலும் போனைத் திறந்து வைத்தியம் தேடுவேன். பி.காம் படித்திருக்கிறேன், ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் சூப்பர்வைசர். அதனால் எல்லாம் தெரியும் என்று எனக்கே ஒரு நினைப்பு. சமையல் குறிப்பு போடுவதற்கு என்றே ஐம்பது பெண்கள் சேர்ந்து ஒரு வாட்ஸாப் குழுவும் வைத்திருக்கிறோம். அதில் யாரோ அனுப்பியது அகப்பட்டது. மாம்பழ இனிப்பு, பத்தே நிமிஷம், அடுப்பு வேண்டாம், சர்க்கரை ஒரு துளி கிடையாது, உடம்புக்கு நல்லது. அண்ணனுக்கு இருப்பது சர்க்கரை நோய். இதில் சர்க்கரை இல்லை. குளிரக் குளிரச் சாப்பிட்டால் வாயில் அந்த இரும்பு வாடையும் தெரியாது. எனக்கு என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. வேலை விட்டு வரும்போது தள்ளுவண்டியில் பங்கனப்பள்ளி வாங்கிவந்தேன். காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்தாலே தெரிந்தது, சரியான பக்குவம். அக்கா தோலைச் சீவி, கொட்டையில் ஒரு நார்கூட விடாமல் வழித்து, பாதியைச் சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கினாள், பாதியைக் கூழாக்கினாள். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக் கெட்டியாக்கி வைத்திருந்தோம். சர்க்கரைக்குப் பதில் நாலு பேரீச்சை, வெந்நீரில் ஊறவைத்து அரைத்தது. எல்லாவற்றையும் கலந்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, மேலே பாதாம் சீவித் தூவி, ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம். அவ்வளவுதான் வேலை. மஞ்சள் நிறத்தில் கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்கே எச்சில் ஊறியது.

அக்கா முதல் கரண்டியை நீட்டினாள். துப்புவதற்குத் தோதாக மற்றொரு கையில் ஒரு பாத்திரத்தையும் பிடித்திருந்தாள். அண்ணன் வாயில் வாங்கினார். கண்ணை மூடினார். அக்கா பாத்திரத்தை அவர் தாடைக்குக் கீழே கொண்டுபோனாள். விழுங்கினார். பிறகு வாயைத் திறந்தார்.

"இன்னும் கீதா?" என்று கேட்டார்.

கிண்ணம் காலியாயிற்று. அக்கா அந்தத் துப்பும் பாத்திரத்தைக் கொண்டுபோய்ச் சமையலறையில் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். தை மாதத்துக்கப்புறம் அவள் பல்லை நான் அன்றுதான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்ததும் ஒரு கிண்ணம். சனிக்கிழமை இரண்டு கிண்ணம், அந்தத் தெம்பில் இரண்டு இட்லியும் உள்ளே போனது. ஞாயிற்றுக்கிழமை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து டிவி பார்த்தார். கிண்ணத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். 'எங்க வீட்டு மாம்பழ மேஜிக்' என்று அதற்கு ஒரு தலைப்பு வேறு. முப்பது பேர் கை தட்டினார்கள். திங்கட்கிழமை அக்கா கேன்டீனுக்கே போய்விட்டு வந்தாள். வரும் வழியில் மூன்று கிலோ மாம்பழம் வாங்கிவந்தாள். "சீசன் முடியறதுக்குள்ள அவர உருப்படியா ஆக்கிடுவேன் கார்த்தி, நீ வேணா பாரு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

"கால் எங்க கீதுன்னே தெரிலமே" என்றார். பேச்சு குழறியது. நானும் அக்காவும் எதிர்வீட்டுத் தங்கவேலுவும் தூக்கி ஆட்டோவில் போட்டோம். ஆட்டோவில் அக்கா அவர் நெஞ்சின் மேலேயே கையை வைத்துக்கொண்டு வந்தாள். அடிக்கிறது, அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இடையில் ஒருமுறை சொல்லாமல் நிறுத்தினாள். நானும் அவர் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன்.

நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்ததும் அவரை ஓட்டமாக உள்ளே கொண்டுபோனார்கள். ஊசி போட்டார்கள், மெஷினில் போட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் சிவராமன் வெளியே வந்தார். முகத்தில் கோபம்.

"ரத்தத்துல பொட்டாசியம் ஏழரை. இன்னும் கொஞ்சம் லேட் ஆகியிருந்தா இதயம் நின்னிருக்கும். நிஜத்தச் சொல்லுங்க. பழம் எதாவது குடுத்தீங்களா?"

"இல்ல சார்."

"இளநீர்? கீரை?"

"இல்ல சார்."

"பொய் சொன்னா அவர் உயிருக்குத்தாம்மா ஆபத்து."

அக்கா கழுத்துத் தாலியைக் கையில் பிடித்தாள். "இது மேல சத்தியம் சார். அன்னிக்கி அந்தப் பொண்ணு சொன்னதுலேர்ந்து பழத்த அவர் கண்ல காட்னதில்ல. கொக்கியக்கூடப் புடுங்கிட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். படித்தவள் மாதிரி இருந்தேன் போலிருக்கிறது.

"ஆமா சார்," என்றேன். "அவங்க வீட்டுல பழமே வாங்கறதில்ல."

இந்த வாயால்தான் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

டாக்டர் கேஸ் தாளைப் புரட்டினார். சாப்பாட்டில் தப்பில்லை என்றால் கையில் செய்த ஆபரேஷனில்தான் கோளாறு, ரத்தம் சரியாகச் சுத்தமாகவில்லை, மறுநாள் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத் தேவையென்றால் திரும்பவும் கையைத் திறக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். மறுபடியும் கத்தியா, அந்த உடம்பில் கத்தி வைக்க எங்கே இடம் இருக்கிறது என்று தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"கார்த்தி, மெஷின்லேர்ந்து எறங்குனா பசிக்கும். காலைல கலந்து வெச்சிட்டேன், ஃப்ரிட்ஜுல டப்பால கீது. அத எத்துக்கினு வந்துரு. ரெண்டு வாய் உள்ள போனாத்தான் ஆபரேஷன் தாங்குவாரு."

நான் மண்ணூர்பேட்டைக்குப் போய் டப்பாவை எடுத்து, ஐஸ்கட்டி போட்ட பையில் வைத்து, ஆட்டோ பிடித்து, வெயிலில் சாமான் வண்டிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு டிரைவரிடம் சண்டை போட்டு, மதியத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தேன். அவ்வளவு அக்கறையாகக் கொண்டுவந்தேன்.

அண்ணன் இன்னும் மெஷினில்தான் இருந்தார்; வார்டில் அவருடைய காலிக் கட்டிலருகே அக்கா டப்பாவைத் திறந்தாள். வாசனை எழும்பியதும் இரண்டு கட்டில் தள்ளி நின்ற சிஸ்டர் திரும்பிப் பார்த்தாள். ஓடிவந்து டப்பாவை மூடினாள். டாக்டரைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா இது?" என்றார் டாக்டர்.

"ஸ்வீட்டு சார். சக்கரையே போடல. ஒடம்புக்கு நல்லது."

"உள்ள என்ன போட்டிருக்கு?"

"மாம்பழம், தயிரு, பேரீச்ச, பாதாம்." ஒவ்வொன்றாகப் பெருமையோடுதான் சொன்னாள்.

டாக்டர் டப்பாவை எடுத்துத் தள்ளி வைத்தார். "பழம் குடுக்கலன்னு தாலியப் புடிச்சுச் சத்தியம் பண்ணீங்களேம்மா."

"பழம் குடுக்கல சார்," என்றாள் அக்கா. "இது மாம்பழம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கடையில் போய் 'ரெண்டு பழம் குடுங்க' என்று கேட்டால் எந்தக் கடைக்காரராவது எந்தப் பழம் என்று திருப்பிக் கேட்பாரா? கை தானாக வாழைத்தாருக்குத்தான் போகும். வெற்றிலை, பாக்கு, பழம் என்று பட்டியல் எழுதினால் யாரும் ஆப்பிள் வாங்கிவருவதில்லை. எங்கள் பேச்சில் பழம் என்றால் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மாம்பழம், பலாப்பழம், கொய்யாப்பழம் என்று தனித்தனிப் பெயரோடு இருப்பவை. அன்று அந்தச் சின்னப் பெண் 'எந்தப் பழமும்' என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாங்கள் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புரியாவிட்டால்தானே கேட்பதற்கு? எங்களுக்குத்தான் நன்றாகப் புரிந்துவிட்டதே.

டாக்டரும் புரிந்துகொண்டார். கோபம் இறங்கிவிட்டது. அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம். "பழம்னா எல்லாப் பழமும்தாம்மா. அதுலயும் மாம்பழம், பேரீச்சை, பாதாம், இது ஒவ்வொண்ணுமே இவருக்கு ஆகாது. எப்ப இருந்து குடுக்கறீங்க?"

"அஞ்சு நாளா."

"கையில கோளாறு இல்ல. ஆபரேஷன் வேணாம்" என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, அக்காவின் பக்கம் திரும்பி, "ஆப்பிள், பப்பாளி, அன்னாசி இந்த மாதிரி சிலதுல நாலு துண்டு குடுக்கலாம், அதையும் கேட்டுட்டுக் குடுங்க" என்றார். அவள் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை.

வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். "அக்கா, நான்தான்க்கா. நான்தான் அந்தக் குறிப்பக் காட்டினேன், நான்தான் வாங்கிட்டு வந்தேன்" என்று அழுதேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கார்த்திகா என்றுகூடக் கூப்பிடவில்லை.

"நீ காட்ன கார்த்தி. ஊட்னது நானு," என்றாள். "அஞ்சு நாளா இந்தக் கையால வெஷத்த ஊட்டிக்கினு, சிரிச்சிக்கினு இருந்திருக்கேன்."

நாலு மணிக்கு அவரைப் பார்க்க விட்டார்கள். முகம் வெளுத்திருந்தது. பேச்சு தெளிவாக இருந்தது. அக்கா அவர் கால்மாட்டில் நின்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. "தெரியாம பண்ட்டேன்யா. நீ என்ன மன்னிக்கவே வேணாம். தெரியாம பண்ட்டேன்."

அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்மே," என்றார்.

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"வெள்ளிக்கெழம பக்கத்து மெஷின்ல உத்தமன்னு ஒருத்தரு இருந்தாரு. மாம்பழம் துண்றேன்னு சொன்னேன். பதறிப்பூட்டாரு. நமக்கு அது வெஷம்பா, அவரு கூட்டாளி ஒருத்தரு அதுலதான் போனாருன்னாரு."

"வெள்ளிக்கெழமயே தெரியுமா?"

"ஆமா."

"அப்றமும் துண்ண?"

"வாய்க்கு ருசியா இருந்துச்சு." அவர் கண் ஓரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. துடைக்கக் கை வரவில்லை. "நீயும் சிரிச்ச. அத எப்டி நிறுத்தறதுன்னு தெரில. போதும்னு இருந்துச்சுமே. இப்டியே போனா நல்லாருக்கும்னு இருந்துச்சு."

கன்னியம்மாள் அக்கா கம்பியை விட்டாள். கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு வந்தாள். ஊசிக் கைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வந்து, அவர் வலது தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள். சிஸ்டர் எழுந்து நின்றாள். நான் அக்காவைப் பிடித்தேன். என்னை உதறினாள்.

"யோவ்! சாவணும்னா நீயா எத்துத் துண்ணுட்டு சாவு. நான் தடுக்க மாட்டேன். என் கையால ஊட்ட வெச்சு சாவறியே, நீயெல்லாம் மனுசனா? நாளைக்கி நான் இந்தக் கைய வெச்சிக்கினு எப்டிய்யா சோறு போடுவேன்? எவனுக்குப் போடுவேன்?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஆயாம்மா ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள். உப்பில்லாத நொய்க்கஞ்சி. எப்போதும் போல அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா வாங்கவில்லை. கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஆயாம்மா எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள். ஆவி பறந்து, அடங்கி, மேலே ஏடு கட்டியது. நான் ஊட்டலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். அக்கா பார்த்த பார்வையில் நின்றுவிட்டேன்.

அண்ணன் வலது கையை நீட்டிக் கரண்டியை எடுத்தார். முதல் தடவை கஞ்சி வாய்க்குப் போகும் முன்பே சட்டையில் கொட்டிவிட்டது. மறுபடி அள்ளினார். வாயில் வைத்ததும் அவர் முகம் கோணிய விதத்திலேயே அந்த இரும்பு ருசி எனக்குத் தெரிந்தது. விழுங்கினார். மூன்றாவது கரண்டிக்குக் கண்ணிலிருந்து மளமளவென்று கொட்டியது, ஆனாலும் விழுங்கினார். அக்கா குனிந்து முந்தானையால் அவர் சட்டையில் கொட்டியதைத் துடைத்தாள். கரண்டியை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கவில்லை.